பதினான்கு நாள் முகவரி

மேற்கு லண்டனில், சவுதோல், ஹன்வெல் பகுதிகளில் வாழும் எம்மவர் பலருக்குக் கிராண்ட் யூனியன் கால்வாய் என்பது பஸ் யன்னலூடாகத் தெரியும் ஓர் அழுக்கு நீர்க்கோடு மாத்திரமே. அதன் கரையில், நீண்டு ஒடுங்கிய படகுகளில் குடித்தனம் நடத்துவோரைக் கண்டு "வீடு வாசல் அற்றதுகள்" என முகஞ்சுளிப்போரும் எம்மிடையே உளர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற கோடையில் பிள்ளைகளுடன் ஹன்வெல் நீர்ப்பூட்டுகளைப் பார்க்கச் சென்றபோதே அவ்வெண்ணம் மாறியது.

நீர்ப்பூட்டு என்பது படகு மேடேறுவதற்கான படி. இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட ஆழமான தொட்டி அது. படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேற்புற மதகுகளைத் திறப்பார்கள். மேல்நீர் பாய்ந்து நிரம்ப, படகும் உயரும். உள்நீரும் மேல்நீரும் சமமாகும் வரை பத்துப் பேர் தள்ளினாலும் கதவு அசையாது. மின்சாரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. கதவோடு பொருந்திய நீண்ட மரத்துலாவை முதுகு கொடுத்துத் தள்ளவேண்டும். கிணற்றுத் துலாவைக் கண்டு வளர்ந்த எமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஹன்வெல்லில் இத்தகைய பூட்டுகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 53 அடி உயரம் ஏறுகின்றன. கால்வாயின் இப்பகுதி 1794 இல் திறக்கப்பட்டது. ஒரு பூட்டை நிரப்ப இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் வேண்டும். படகின் அகலமோ ஏழு அடி, பூட்டினுடையது பதினான்கு அடிக்குச் சற்று மேல். எனவே நீரை வீணாக்காதிருக்க, முன்பின் அறியாத இரு படகினர் ஒருவருக்கொருவர் காத்திருந்து, அருகருகே சேர்ந்து ஏறுவது அங்கு வழக்கம்.

அவ்வாறு காத்திருந்த மூதாட்டி ஒருவரே எமக்கு இவற்றை விளக்கினார். எமது சிறுமியிடம் மதகு திறக்கும் இரும்புக் கைபிடியைக் கொடுத்துச் சுழற்றவும் விட்டார். எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டோம். "இந்தக் கிழமை இங்கே" என்றார்.

1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தக் கட்டுத்துறை இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து பதினான்கு நாட்களுக்கு மேல் நிற்கலாகாது. தக்க காரணமிருந்தால் மாத்திரம் சற்றுச் சலுகை உண்டு. வருவோர் போவோருக்கான சில துறைகளில் தவணை இதனிலும் குறைவு. குடிநீர்க் குழாய் ஓரிடத்தில், கழிவு கொட்டுமிடம் இன்னோரிடத்தில், குப்பைத் தொட்டி வேறோரிடத்தில் இருக்கக்கூடும். அவற்றைக் கணக்கிட்டே பயணம் அமைகிறது. கட்டுத்துறை இல்லாதோரின் அனுமதிப் பத்திரத்துக்கு 2024 ஏப்ரல் முதல் மேலதிகக் கட்டணமும் விதிக்கப்பட்டுள்ளது. இவ்வளவுக்கும் மேலாக, வைத்தியரிடம் பதியவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் முகவரி கேட்கிறார்கள் என்றார் அவர்.

அகதி விண்ணப்பத்தில் "நிரந்தர முகவரி" என்ற கோட்டின் முன் பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தவர்கள் நாம். அக்கேள்வியின் பாரம் எமக்குத் தெரியாததன்று. எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. அம்மூதாட்டி இவ்வாழ்வைத் தாமே தெரிந்தெடுத்ததாகக் கூறினார். வாடகை கொடுக்க வழியின்றிப் படகுக்கு வந்தவர்களும் அயலில் உண்டு என்பதையும் அவரே சொன்னார்.

செல்ல விரும்புவோர் 207 இலக்க பஸ்ஸில் ஈலிங் வைத்தியசாலையடியில் இறங்கலாம். கால்வாய் அதன் பின்புறம் ஓடுகிறது. பழைய மனநோய் மருத்துவமனையின் நெடுமதிலில், நிலக்கரிப் படகுகள் உட்சென்ற வாயில் அடைக்கப்பட்டிருப்பதையும் காணலாம். பூட்டின் விளிம்பு வழுக்கும், பள்ளமோ ஆழம். சிறு பிள்ளைகளின் கையை விடவேண்டாம். படகினர் கேட்டால் துலாவைத் தள்ளிக் கொடுங்கள். கதவு நகரத் தொடங்கிய பின் அதற்கு அதிக பலம் தேவையில்லை.