மூலக்கொத்தளத்துப் பிள்ளைகளுக்குத் தரைத்தளத்தில் அறை கொடுங்கள்

சென்னை மூலக்கொத்தளம் ஹவுசிங் போர்டில் விடிவதற்கு முன்பே படிகளில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் இருட்டிலேயே இறங்குகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வெளிச்சம் வந்ததும் கிளம்புகிறார்கள். லோடு ஏற்றப் போகும் ஆண்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று வயதுப் பிள்ளை யாரிடம் இருக்கும்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையென்றால், தானே இன்னும் குழந்தையாக இருக்கிற அக்காவிடம். அவளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் எதிர்வீட்டு டிவிக்கு முன்னால்.

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்த வயதில் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி நோட்டு தேவையில்லை. பேச்சுக்குப் பதில் பேச்சுக் கொடுக்கும் ஒரு பெரியவர் வேண்டும். கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஆள் வேண்டும். புளியங்கொட்டையை எண்ணிப் பிரிக்கும்போது கணக்கு வருகிறது. மணி கோக்கும் விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கிறது. ஊஞ்சலுக்குத் தன் முறை வரும்வரை நிற்கப் பழகிய குழந்தை, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்கவும் பழகிக்கொள்கிறது. இதற்கெல்லாம் இடம் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். பத்துக்குப் பத்து அங்கன்வாடி அறையில் அடுப்பும் அரிசி மூட்டையும் எடை பார்க்கும் கருவியும் போக மிஞ்சுகிற தரையில் இது நடக்காது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. 1980-இல் தமிழ்நாடு தனக்கென்று ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு பால்வாடி வரை வந்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. முட்டை உண்டு, சத்துமாவு உண்டு. விளையாட்டு வழியில் கற்பிக்க 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று நல்ல பாடத்திட்டமும் உண்டு. வயிற்றைக் கவனித்த அளவுக்குப் பாடத்தைக் கவனித்தோமா என்பதே என் கேள்வி.

ஓர் அங்கன்வாடி டீச்சரின் நாளைப் பாருங்கள். பிள்ளைகளை எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். பதிவேடு எழுதி, அதையே செல்போனில் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். தடுப்பூசி நாளில் தாய்மார்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும். தேர்தல் வந்தால் பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆயா விடுப்பு எடுத்தால் சமையலும் அவர் தலையில்தான். கதை சொல்ல எங்கே நேரம்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025-இல் அரசு நிரப்ப முன்வந்த காலியிடங்கள் மட்டுமே 7,783. அத்தனை இடமும் காலியாகக் கிடந்த காலத்தில் இருந்தவர்கள்தான் அந்தச் சுமையையும் சுமந்தார்கள்.

தீர்வு என்ன என்று தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களில் மட்டும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவர் அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது, ஏனென்றால் பழைய டீச்சருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்த வழி இது.

இடத்துக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே குடியிருப்புகளைச் சீரமைத்த நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிச் சுவரைப் பாழாக்கினார்கள். அதே கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறந்தது. 1939-இல் அவர் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். இன்று சென்னையில் மாண்டிசோரி என்ற பெயரைப் பெரும்பாலும் அதிகக் கட்டணப் பள்ளிகளின் பலகையில்தான் பார்க்கிறோம். அது பிறந்ததோ மூலக்கொத்தளம் போன்ற ஓர் அடுக்குமாடியில். அதே 1939-இல் மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் துயிலும் மண் மூலக்கொத்தளம். இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்குத் தாய்மொழியில் கதை சொல்ல ஆளில்லாமல் போவது எனக்குப் பெரிய வலி.

இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாரியம் கட்டியிருக்கிறது. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலே நாலாயிரம் பேர். அங்கன்வாடி விதிப்படி 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். அப்படியானால் இங்கே ஐந்து மையங்களாவது இயங்க வேண்டும். ஆறு வயதுவரையிலான பராமரிப்பையும் கல்வியையும் அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வழிகாட்டு நெறியில்தான் வைத்திருக்கிறது. கட்டாய உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் மக்கள் கையில் ஒரு வலுவான ஆணை இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அங்கன்வாடி இல்லாத ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். ஆணை குடிசைப்பகுதி மக்களையும் குறிப்பிட்டே சொல்கிறது. குடிசையிலிருந்து மாடிக்கு ஏறியதற்காக அந்த உரிமை பறிபோகக் கூடாது.

கேட்டால் நடக்கும் என்பதற்குச் சமீபத்திய சான்றும் உண்டு. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவற்றை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. அரசு முடிவை மாற்றிக்கொண்டது.

ஆகவே வாரியமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகமும் சேர்ந்து முதலில் பிளாக் வாரியாகப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கட்டும். தரைத்தளத்தில் காற்றும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள அறைகளை ஒதுக்கட்டும். பிள்ளைகளுக்குக் கற்பிக்க மட்டும் மையத்துக்கு ஒருவரைக் கூடுதலாக அமர்த்தட்டும். மீன் ஏலத்துக்குப் போகும் தாயின் நேரத்துக்கு ஏற்ப, ஒரு மையமாவது அதிகாலையில் கதவைத் திறக்கட்டும். அதிலேயே கைக்குழந்தைகளுக்குத் தொட்டிலும் இருக்கட்டும். குடியிருப்போர் செய்ய வேண்டியது, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பட்டியலோடு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து, தேதியிட்ட ரசீதைக் கையில் வாங்குவது. மூன்று மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.