பௌதிகம்: படிப்பா, பாராயணமா?

நமது உயர்தரப் பள்ளிக்கூடங்களில் பௌதிக சாஸ்திரம், அதாவது இன்று இயற்பியல் என்று வழங்கும் பாடம், பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவதாகச் சொல்லப்படுகின்றது. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது கற்பித்தல் அல்ல, பாராயணம் பண்ணுவித்தலே யாகும் என்பது நமது அபிப்பிராயம். உபாத்தியாயர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளை அதை நோட்டில் எழுதிக் கொள்ளுகிறது. பரீட்சையன்று அப்படியே காகிதத்தில் கக்கிவிட்டு மார்க்கு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. "ஏன் அப்படி?" என்று கேட்டால், "புஸ்தகத்தில் இருக்கிறது" என்பதே பதில். "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்று புரோகிதர் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ரிஷியின் பேருக்குப் பதில் நியூட்டன் பேரைச் சொல்லிவிட்டால் மாத்திரம் அது பகுத்தறிவு ஆகிவிடுமா?

இது ஏழைப் பள்ளிக்கூடங்களுக்கு மாத்திரம் உள்ள குறை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் எரிக் மஸூர் என்னும் பேராசிரியரின் மாணாக்கர்கள் கஷ்டமான கணக்குகளை யெல்லாம் போட்டு நல்ல மார்க்கு வாங்கி வந்தார்கள். 1990 வாக்கில் அவர் கணக்கு ஒன்றுமில்லாத, சாதாரணப் பேச்சிலான சில கேள்விகளைக் கொடுத்தார். கனத்த லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்றவை அவை. இரண்டும் சமமே, கார் லேசானபடியால்தான் அதிகம் அடிபடுகிறது. மூன்றாம் விதியை ஒப்பித்தவர்களில் அனேகர் இதில் தவறினார்கள். ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா?" என்ற கருத்தில் அவரைக் கேட்டாளாம். தோழர்களே! பரீட்சைக்கு ஓர் உண்மை, வாழ்க்கைக்கு ஓர் உண்மை என்று ஒரே தலையில் இரண்டு உண்மைகளை வைத்துக்கொள்ளப் பழக்குவதற்கா பள்ளிக்கூடம்?

நிற்க, வேறு எப்படித்தான் கற்பிப்பது என்று கேட்கலாம். முதலாவது, விடையைச் சொல்லுமுன் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். ஒரு கல்லையும் ஒரு காகிதத்தையும் கையில் எடுத்து, "எது முந்தி விழும்?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். "கல்தான், கனமல்லவா" என்பார்கள். பழைய அரிஸ்டாட்டிலும் அதையே சொன்னார். காகிதத்தைத் தடித்த புஸ்தகத்தின்மேல் ஓரம் வெளியே வராமல் வைத்துச் சேர்த்துப் போடுங்கள்; இரண்டும் சேர்ந்தே விழும். "புஸ்தகம் காற்றை மறைத்தது" என்று ஒரு பிள்ளை ஆக்ஷேபித்தால் அதை அதட்டாதீர்கள். அன்று வகுப்பில் யோசித்தது அந்தப் பிள்ளைதான். காகிதத்தைக் கசக்கி உருட்டிக் கல்லோடு போட்டுக் காட்டுங்கள். பிறகு, 1971-ல் டேவிட் ஸ்காட் என்பவர் காற்றே யில்லாத சந்திரனில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகப் போட, இரண்டும் ஒன்றாகவே விழுந்த சங்கதியைச் சொல்லுங்கள். சூத்திரம் அதற்கப்புறம் வரட்டும்.

இரண்டாவது, பிள்ளைகளே அளக்கவேண்டும். ஒரு மீட்டர் கயிற்றில் கல்லைக் கட்டிச் சிறிதளவே ஆட்டினால் 20 ஆட்டத்திற்குச் சுமார் 40 விநாடி ஆகும். கல்லின் கனத்தை இரட்டித்தாலும் நேரம் மாறாது. நேரம் இரட்டிக்க வேண்டுமானால் கயிறு நாலு மடங்காக வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ரெக்கார்டு நோட்டில் பொய் எழுதக்கூடாது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று புஸ்தகத்தில் இருப்பதால், கையில் 9.5 வந்த பிள்ளையும் பக்கத்து நோட்டைப் பார்த்து 9.8 என்றே எழுதுகிறது. மார்க்கும் கிடைக்கிறது! கண்ணால் கண்டதை மறைத்து, பெரியவர்கள் சொன்னதற்கு ஒத்துச் சாட்சி சொல்லும் பழக்கத்தை, விஞ்ஞானத்தின் பேரால் நாமே பயிற்றுவிக்கிறோம். 9.5 வந்தால் 9.5 என்றே எழுதி, கயிற்றை அளந்ததில் பிசகா, விநாடி எண்ணியதில் பிசகா என்று தேடட்டும். பௌதிகம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

"கருவி இல்லையே" என்பார்கள். கலிலியோவிடம் விநாடி காட்டும் கடிகாரமே இல்லை. சரிவுப் பலகையில் குண்டு உருளும் காலத்தில் ஒழுகிய தண்ணீரை நிறுத்தே காலத்தை அளந்ததாக 1638-ல் வெளிவந்த தம் புஸ்தகத்தில் எழுதினார். இன்று செல்போனே விநாடி காட்டுகிறது. "பாடம் முடியாதே" என்பார்கள். 1998-ல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் அமெரிக்காவில் 62 வகுப்புகளின் 6,542 மாணாக்கரைக் கணக்கெடுத்து வெளியிட்டார். முதலில் தெரியாதிருந்ததில் வெறும் பிரசங்க வகுப்புகளில் சராசரி 100-க்கு 23 பங்கும், கேட்டும் விவாதித்தும் நடந்த வகுப்புகளில் 48 பங்குமே கற்கப்பட்டிருந்தன. அப்படியானால் "முடிந்தது" என்பது யாருக்கு? புஸ்தகத்திற்கா, பிள்ளைக்கா?

உபாத்தியாயரை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. ஒப்பித்தவனுக்கே மார்க்கு என்று பரீட்சை இருக்கும்வரை அவர் என்ன செய்வார்? ஆனால் பெற்றோர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதை விட்டு, "இன்று எதை அளந்தாய்? எதைச் சந்தேகித்தாய்?" என்று கேளுங்கள். புஸ்தகம் சொல்லிற்று என்பதற்காகத் தன் கண்ணையே பொய்யாக்கப் பழகிய பிள்ளை, நாளை எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டும் என்பதை மாத்திரம் எச்சரித்து இதை முடிக்கின்றோம்.