குழலில் பொறித்த பெயரை நம்பி வாங்காதே



டெக்சாஸில் மகன் வீட்டில் இருந்தபோது, என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனான். பெயர் போடக்கூடாது என்று உத்தரவு. வரலாற்றுப் புத்தகத்துக்குள் லயன் காமிக்ஸை ஒளித்து வைத்து, டெக்ஸ் வில்லர் படித்து மாட்டியவன் என்றால் 1991 பத்தாம் வகுப்பு ஆட்களுக்குப் புரியும். இப்போது அமெரிக்கக் குடிமகன், இரண்டு பிள்ளைகள். டெக்ஸ் வைத்திருப்பது போல ஒரு லீவர் ரைபிள் வாங்க வேண்டுமாம். "எதை எடுக்கலாம், நீங்க சொல்லுங்க சார்" என்றான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரிக்காதீர்கள். அவன் காசு கொடுத்து வாங்க நினைத்தது வரலாற்றைத்தான்.

விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி உறை வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதுதான் லீவர் ரைபிள். கடையில் நின்றவை எல்லாமே இந்தக் காலத்தில் செய்த நகல்கள். அவன் கை நேராக 'வின்செஸ்டர்' என்று பொறித்ததற்குப் போனது. அங்கேதான் தடுத்தேன். நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் ஆலையை 2006-லேயே மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் வரும் 1873 மாடல் ஜப்பானில் மிரோக்கு ஆலையில் செய்யப்படுவது. 'ஹென்றி' என்ற பெயரில் விற்கும் கம்பெனி 1990-களில் தொடங்கியது. 1860-ன் ஹென்றி ரைபிளை வடிவமைத்த பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் பொருத்தம். ஜப்பான் வேலை மட்டம் என்று சொல்லவில்லை, அருமையான வேலை. ஆனால் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே என்றேன்.

உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். 1873-ன் உள்கட்டு, முழங்கால் மடங்கி நீள்வது போல வேலை செய்யும். வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் வலு குறைவு. அதனால்தான் ஜான் பிரௌனிங் 1892 மாடலில் இரண்டு எஃகுக் கட்டைகள் மேலேறிப் பூட்டும்படி வைத்தார். உறுதி, எடையும் குறைவு. இதன் பிரேசில் நகலான ராஸி விலையில் மிகவும் மலிவு. ஜப்பான் 1892-ல் அசலில் இல்லாத பாதுகாப்புப் பொத்தான் ஒன்று உண்டு. சேகரிப்பாளர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பொத்தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்புப் பெட்டி வாங்கிய பிறகுதான் ரைபிள் என்று கறாராகச் சொன்னேன்.

1860 ஹென்றியின் நகல்கள் பித்தளையில் தங்கமாக மின்னும். குழலுக்கு அடியில் பிடிக்க மரமே இல்லை. தொடர்ந்து சுட்டால் கை பொசுங்கும். அசலின் குறையையும் சேர்த்தே நகல் எடுத்திருக்கிறார்கள்!

என் தேர்வு, இத்தாலியில் ஊபெர்ட்டி செய்யும் 1873. அசலின் உள்கட்டை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். டெக்ஸும் இத்தாலிக்காரர்கள் வரைந்த கௌபாய்தானே! தோட்டாவில் மட்டும் சமரசம் செய்துகொள்ளச் சொன்னேன். அந்தக் காலத்து .44-40 விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அவன் கேட்ட .45 கோல்ட் தோட்டாவுக்கு அன்றைய வின்செஸ்டர் 1873-ஐச் செய்ததே இல்லை. .357-க்குச் செய்ததை எடுத்தால் மலிவான .38 ஸ்பெஷலையும் சுடலாம். அதுவும் வரலாற்றுப்படி பொய்தான், ஆனால் கட்டுப்படியாகும் பொய்.

1873-ஐ 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று விளம்பரம் செய்தார்கள். 1876-ல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் படையிடம் இருந்தது ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு. எதிரே நின்ற லகோட்டா, செயென் வீரர்களில் பலர் கையில் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. பிள்ளைகளிடம் இதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும் என்றேன். தலையாட்டினான்.

அங்கே உள்ள உறவுப் பிள்ளைகளுக்கு ஒன்று. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சுற்றுலா விசாவில் போன நான் கடையில் ஒன்றையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவன் லீவரை இழுக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் வாங்கவில்லை. வீட்டில் அனுமதி வர வேண்டுமாம். "நீங்க பிடுங்கின காமிக்ஸை இன்னும் திருப்பித் தரலையே சார்" என்றான். பரணில்தான் எங்கோ இருக்கும், தேடிக்கொண்டிருக்கிறேன்.