வயிற்றில் கட்டிய நெருப்பு

"வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று நம் தாய்மார் சொல்லக் கேளாதவர் நம்மில் எவருமிலர். கடல் கடந்து சென்ற மகனிடமிருந்து செய்தி வராத நாட்களிலும், பரீட்சை முடிவு வெளிவராத நாட்களிலும் அவர்கள் வாயில் எழும் சொல் அது. நடந்துவிட்ட துன்பத்தை அது குறிப்பதன்று. நடக்குமோ நடவாதோ என்று காத்திருப்பதாகிய துன்பத்தையே குறிப்பது. இதனை உவமையாகவன்றி உண்மையாகவே அனுபவித்த சிலரைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணினோம்.

அவ்வெண்ணத்தை எழுப்பியவர், முன்னர் நம்முடன் கற்பித்து இப்பொழுது இளைப்பாறியிருக்கும் மூத்த நண்பர் ஒருவர். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் தடைப்பட்டிருந்த தனியார் மோட்டார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின், நமது வீதிகளிலும் மின்சாரக் கார்கள் புதிதாகத் தோன்றலாயின. நண்பருக்கும் ஒன்று வாங்க ஆசை. "பெற்றோல் செலவில்லை, புகையில்லை, இரைச்சலுமில்லை. ஆனால் தம்பி, தீப்பிடிக்குமாமே! வாங்கலாமோ?" என்று கேட்டார். அவருக்கு நாம் சொன்ன விடையையே இங்கு சற்று விரித்துரைக்கின்றோம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனி, ஷெவர்லே போல்ட் என்னும் மின்சாரக் காரை 2016ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு விட்டது. ஒருமுறை மின்னேற்றினால் 238 மைல் ஓடும் என்று மதிப்பிடப்பட்ட கார் அது. செல்வர்க்கு மட்டுமே எட்டியிருந்த நெடுந்தூர மின்சாரக் காரை நடுத்தரக் குடும்பத்தினர்க்கும் எட்டச் செய்வதே அதன் நோக்கம். நல்ல கார் என்று வாங்கியவர் பலரும் மகிழ்ந்தனர்.

இக்காரின் பற்றரி, இருக்கைகளின் கீழே தளத்தோடு பொருந்தியிருப்பது. ஏறத்தாழ 435 கிலோ எடையுள்ளது. 288 மின்கலங்களை உடையது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நேர்த்தகடும் எதிர்த்தகடும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய ஏடு ஒன்று பிரித்து நிற்கும். அந்த ஏடு பழுதுபட்டால் தகடுகள் தொடும். உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகும். வெப்பம் பெருகி அயற்கலத்துக்குத் தாவும். மின்னேற்றம் நிறைந்திருக்கும் வேளையில் அடங்கியிருக்கும் ஆற்றலும் மிகுதியாதலால் ஆபத்தும் மிகுதி. இவ்வாறு மூண்ட தீயை அணைத்தல் எளிதன்று. அணைந்ததுபோற் கிடந்து மீண்டும் எரிவதும் உண்டு.

போல்ட் கார்களிற் சில, நிறுத்தியிருந்த இடத்திலேயே தீப்பற்றின. 2020ஆம் ஆண்டு நவம்பரில் கம்பெனி ஏறத்தாழ 69,000 கார்களைத் திருத்தத்துக்கு மீள அழைத்தது. பழுது யாதென்று அப்பொழுது தெளிவாகவில்லை. ஆகவே, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் மின்னேற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. ஐந்து மாதங்கள் கழித்து, 2021ஆம் ஆண்டு ஏப்ரில் இறுதியில், பற்றரியைச் சோதித்துக் கண்காணிக்கும் கணினிச் செய்நிரல் ஒன்று வந்தது. அதனைப் பெற்றவர்கள் இனி முழுமையாக மின்னேற்றலாம் என்று அறிந்து ஆறுதலடைந்தனர்.

அவ்வாறுதல் மூன்று மாதமும் நிலைக்கவில்லை. யூலை முதலாந் திகதி, வெர்மொண்ட் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவருடைய வீட்டு முற்றத்தில், திருத்தம் செய்யப்பட்ட கார் ஒன்றே தீப்பற்றியது. "வெளியே நிறுத்துங்கள், இரவு முழுவதும் மின்னேற்ற வேண்டாம்" என்று மறுபடியும் எச்சரிக்கை பிறந்தது. ஓகஸ்டில், அதுவரை செய்யப்பட்ட எல்லாப் போல்ட் கார்களும் மீள அழைக்கப்பட்டன. தொகை ஏறக்குறைய 1,42,000. எதிர்த்தகட்டின் நுனி கிழிந்திருத்தல், பிரிக்கும் ஏடு மடிந்திருத்தல் ஆகிய இரு பழுதுகளும் ஒரே கலத்திற் கூடினால் தீ மூளலாம் என்று காரணமும் தெளிவாயிற்று. செய்நிரலால் தீரும் குற்றமன்று அது. பற்றரியின் பகுதிகளையே மாற்றுதல் வேண்டும். ஆனால் மாற்றுவதற்குப் பற்றரி இல்லை!

இங்கேதான் உடையவர்களின் உண்மையான துன்பம் தொடங்கியது. நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் ஏற்றலாகாது; 70 மைலுக்குரிய மின்சாரம் மீதமிருக்கும்போதே மீண்டும் ஏற்றிவிட வேண்டும் என்பன புதிய விதிகள். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 238 மைலில் நூற்றுக்குத் தொண்ணூறு 214 மைல். அதில் 70ஐக் கழித்தால் 144. ஐந்து பங்குக்கு விலை கொடுத்தவர் மூன்று பங்கையே அனுபவிக்கும் நிலை. வீட்டோடு சேர்ந்த கொட்டிலிற் காரை நிறுத்தி மின்னேற்றிப் பழகியவர் பனிக்காலத்திலும் அதனை வெளியே விட வேண்டும். தனி முற்றமில்லாத மாடி வீட்டார் எங்கே நிறுத்துவர்? செப்டெம்பரில், பிற வாகனங்களுக்கு 50 அடி எட்டி நிறுத்துதல் நலம் என்றும் கூறப்பட்டது. பொதுத் தரிப்பிடத்தில் ஐம்பதடி வெற்றிடம் தேடுவது எங்ஙனம்? காரை விற்றுவிடலாம் என்றாலோ, தீ அபாயம் உண்டென்று ஊரறிந்த காரை நல்ல விலைக்குக் கொள்வார் யார்?

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்லுதல் நம் கடன். மீள அழைக்கப்பட்ட தொகையை நோக்கத் தீப்பற்றியவை மிகச் சிலவே. பெற்றோல் கார்களும் தீப்பற்றுவதுண்டு. ஒன்றரை இலட்சத்தை அணுகும் கார்களுக்குப் புதிய பற்றரி ஒரே நாளில் முளைப்பதில்லை. முதலிற் செய்யுமிடத்திலேயே குற்றத்தைக் களைதல் வேண்டும். கம்பெனியும் புதிய போல்ட் கார் செய்வதை 2021 ஓகஸ்ட் முதல் பல மாதங்கள் நிறுத்தி, ஒக்டோபரில் மாற்றுப் பகுதிகளைப் பழைய கார்களுக்கே அனுப்பத் தொடங்கியது. அவற்றுக்கு எட்டாண்டு உத்தரவாதமும் அளித்தது. பற்றரி செய்த தென் கொரிய எல்.ஜி. கம்பெனி 190 கோடி டொலர் வரை ஈடுசெய்ய உடன்பட்டது. காத்திருந்து புதிய பற்றரி பெற்றோர் ஒருவகையில் ஆதாயமடைந்தோர் என்றுகூடச் சொல்லலாம்.

ஆயினும் எல்லோருக்கும் ஒரே காலத்தில் அது கிட்டவில்லை. 2023ஆம் ஆண்டு யூனில், பிற்காலத்துக் கார்கள் சிலவற்றுக்குப் பற்றரிக்குப் பதிலாக மீண்டும் ஒரு செய்நிரலே தரப்பட்டது. ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் ஓடும்வரை நூற்றுக்கு எண்பதுக்குமேல் அது மின்னேற்ற விடாது. அதற்குள் குற்றம் காணாவிடின் தடை நீங்கும். முதலாவது அழைப்பு வந்து இரண்டரை ஆண்டுகள் சென்ற பின்னும் சிலருக்குக் காத்திருப்பே விதியாயிற்று. உடையவர்கள் தொடுத்த வழக்கிலே, 2024ஆம் ஆண்டில் 15 கோடி டொலர் அளவில் இணக்கம் காணப்பட்டது.

இவ்வரலாறு ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதன்று. ஹூண்டாய் கம்பெனியின் கோனா மின்சாரக் காருக்கும் 2020ஆம் ஆண்டில் முதலிற் செய்நிரலே மருந்தாகத் தரப்பட்டது. அம்மருந்துண்ட கார் ஒன்று 2021 ஜனவரியில் தீப்பற்றிய பின், ஏறத்தாழ 82,000 வாகனங்களுக்குப் பற்றரியையே மாற்றுவதென முடிவாயிற்று.

நாம் இதனால் அறிவது யாது? குற்றம் நேர்வது இயல்பு. மனிதர் செய்யும் எதிலும் அது உண்டு. குற்றத்தை மறையாது அறிவித்தல் நேர்மை, அதனையும் போற்றுவோம். ஆனால் "உமது வீட்டு வாயிலில் நிற்பது ஆபத்தான பொருள்" என்று அறிவித்த அக்கணமே, செய்தவர்மீது ஒரு கடன் ஏறிவிடுகின்றது. கடனுக்குத் தவணை உண்டு. தவணை குறியாத கடன், கொடுத்தவனை அல்லவா வருத்தும்! காத்திருக்கும் ஒவ்வோர் இரவும் அபாயத்தைச் சுமப்பவர் செய்தவரல்லர், வாங்கியவரே. அதிலும் "தீர்ந்தது" என்று ஒருமுறை சொல்லித் தீராமற் போயின், அடுத்து வரும் உண்மையையும் நம்ப மனம் வாராது. பற்றரியை மாற்றலாம், நம்பிக்கையை எளிதில் மாற்றித் தர இயலாது.

அமெரிக்கச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டில் வாகனப் பாதுகாப்புக்கென அங்கு சட்டம் இயற்றப்பட்டது. இன்றுள்ள சட்டப்படி திருத்தத்தை இலவசமாகச் செய்தல் வேண்டும். கொண்டுவந்து விட்ட வாகனத்தை 60 நாட்களுக்குள் செவ்வையாகத் திருத்தாவிடின், நியாயமான காலத்துள் திருத்தவில்லை என்பதற்கு அதுவே முதற் சான்றாகக் கொள்ளப்படும். அத்தகைய சட்டமும் விழிப்புள்ள பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் உள்ள நாட்டிலேயே காத்திருப்பு இவ்வளவு நீண்டதாயின், கடல் கடந்து கார் வந்து சேரும் நம் நாட்டில் வாங்குவோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆகவே நண்பருக்கு நாம் சொன்னது இதுதான்: "தீப்பிடிக்குமோ என்று மட்டும் கேளாதீர்கள். பிடிக்கக்கூடும் என்று தெரிந்தால் எனக்கு யார் அறிவிப்பார், யார் மாற்றித் தருவார், எத்தனை நாளில் என்று கேளுங்கள். கேட்டதை எழுத்திற் பெறுங்கள். பழைய காரானால், அதன் செசி இலக்கத்தைக் கொடுத்து, முன்னர் மீள அழைக்கப்பட்டதோ, திருத்தப்பட்டதோ என்று விசாரியுங்கள். முன்னாள் உடையவரின் விலாசத்துக்கு வரும் கடிதம் உங்கள் கைக்கு வாராது. எச்சரிக்கை எதுவும் வந்தால், நமக்கொன்றும் நேராது என்று அசட்டையாயிராமல் அதன்படி நடவுங்கள்."

நண்பர் சற்று நேரம் யோசித்தார். "அப்படியென்றால் காரைப் பார்க்குமுன் கம்பெனிக்காரனின் கராச்சைப் பார்க்கச் சொல்கிறீர்" என்றார். ஆம் என்றோம். மறுவாரம் கொழும்புக்குச் செல்ல அவர் ஆயத்தமாகிறார். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறார். விடைகள் எழுத்திற் கிடைத்தால் வாங்குவதாகச் சொல்கிறார்.