கயிறு போகும் வழி

ஓராண்டுக்கு மேல் உழைத்து மாதிரிக் கப்பலின் உடலைக் கட்டி முடிக்கிறார்கள். பலகை வளைத்து ஒட்டி, தேய்த்து, எண்ணெய் பூசி, பாய்மரங்களையும் நட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி அலமாரியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கேட்டால், “கயிற்று வரைபடம் விளங்கவில்லை” என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பெட்டியோடு வரும் தாளில், நடுப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கோடு இறங்குகிறது. மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளுக்குப் பின்னால் மறைகிறது. மறுபடி வெளியே வருவது அதே கோடுதானா என்று தெரியவில்லை. தளத்தருகே 47 என்று ஓர் எண். கட்டுமுளைப் பட்டியலிலோ 46-க்கு அடுத்தது 48.

இந்த இடத்தில் நம்மில் பலர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கோட்டையே இன்னும் உற்றுப் பார்க்கிறோம். தாளில் இல்லாதது எவ்வளவு பார்த்தாலும் தெரியப்போவதில்லை. அந்தக் கயிறு எதை இழுத்தது, எந்தத் திசையில் இழுத்தது, இழுத்தவன் எங்கே நின்றான் என்று கேட்க வேண்டும். கயிற்றின் வேலை தெரிந்துவிட்டால் அதன் வழியில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

வரைபடம் எப்படிப் பிறந்தது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குக் கடற்படை வரைந்த மூலப் படங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கப்பலின் உடலை மட்டுமே காட்டுபவை. கயிற்று வேலைக்குத் தனிப்படம் போடும் வழக்கம் அரிது. நிர்ணயிக்கப்பட்ட அளவு அட்டவணைகளும் கப்பல்கட்டும் தளத்தின் கயிற்றுத் தொழிலாளர்களின் கைப்பழக்கமும் போதுமானவையாக இருந்தன. ஆகவே நம் கைக்கு வரும் கயிற்று வரைபடம் அநேகமாக நம் காலத்தவர் ஒருவர் போட்டது. அவர் 1794-இல் வந்த டேவிட் ஸ்டீலின் நூலையும், 1808-இல் வந்த டார்சி லீவரின் நூலையும், 1979-இல் ஜேம்ஸ் லீஸ் தொகுத்ததையும் படித்து, தமக்குப் புரிந்தபடி வரைந்திருப்பார். அந்த உழைப்புக்கு மதிப்புக் கொடுப்போம். ஆனால் அது ஒருவருடைய வாசிப்பு. அதே நூல்களைக் கொண்டு நாமும் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பீகிள் கப்பலை எடுத்துக்கொள்வோம். டார்வின் போன கப்பல் என்பதால் உலகெங்கும் அதை மாதிரியாகச் செய்கிறார்கள். 1820 மே மாதம் வூலிச் கப்பல்கட்டும் தளத்தில் நீரில் இறங்கியபோது அது இரண்டு பாய்மரங்கள் கொண்ட பிரிக். செரோக்கி வகையைச் சேர்ந்தது. ஹென்றி பீக் வரைந்த அந்த வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. ஆய்வுப் பயணத்துக்காக மாற்றியமைத்தபோது, 1825-இல், பின்னால் மூன்றாவது பாய்மரம் சேர்ந்தது. பிரிக், பார்க் ஆயிற்று. 1831-இல் இரண்டாம் பயணம் புறப்படுமுன் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் மேல்தளத்தையும் உயர்த்தினார்: அமரத்தின் பக்கம் 8 அங்குலம், அணியத்தின் பக்கம் 12 அங்குலம். ஒரே பெயரில் குறைந்தது மூன்று கப்பல்கள் இருக்கின்றன என்றே சொல்லலாம். வரைபடம் எந்த ஆண்டின் பீகிளைக் காட்டுகிறது என்று தாளில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் முதல் ஐயம் அங்கேயே எழ வேண்டும்.

அடுத்து பிரேஸ் கயிறுகளைப் பாருங்கள். பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையான பருமலின் இரு நுனிகளிலும் கட்டி, காற்றுக்கேற்ப அதைத் திருப்புகிற கயிறு பிரேஸ். காற்று பாயை முன்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே அதைத் தாங்கும் கயிறு பின்னோக்கிப் போவதுதான் இயல்பு. ஆனால் இரண்டு பாய்மரங்கள் உள்ள கப்பலில் பின்மரத்துக்குப் பின்னால் வேறு மரம் இல்லை. அங்கே பெரிய நெடும்பாயும் அதன் அடிக்கட்டையும் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருக்கும். அதனால் பிரிக்கில் பின்மரத்துப் பருமல்களின் பிரேஸ் முன்மரத்துக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கும். இதைப் பார்க்கும் புதியவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள். அது பிழையில்லை. மூன்றாவது மரம் வந்ததும் அந்த நிர்ப்பந்தம் நீங்கி, பிரேஸைப் பின்னால் கொண்டுபோக வழி பிறக்கிறது. ஆக, மூன்று மரங்களையும் காட்டிவிட்டு நடுமரத்துப் பிரேஸ்களை மட்டும் முன்மரத்துக்கு அனுப்புகிற பீகிள் வரைபடம் உங்களிடம் இருந்தால், அதை வரைந்தவர் செரோக்கி பிரிக் ஒன்றின் படத்தை அப்படியே எடுத்து மேலே ஒரு மரத்தை நட்டிருக்கக்கூடும் என்று சந்தேகியுங்கள். 1833, 34 ஆண்டுகளில் ஓவியர் கான்ராட் மார்ட்டென்ஸ் அந்தக் கப்பலிலேயே பயணம் செய்து கோட்டுப்படங்கள் போட்டார். இன்றைய தாளைவிட அவருடைய கண் நம்பத்தக்க சாட்சி.

மூன்று மரங்களிலும் குறுக்குப் பருமல் உள்ள முழுக்கப்பலில் கடைசி மரத்துக்கும் இதே நிலைமைதான். அதன் பருமல்களின் பிரேஸ் முன்னோக்கி நடுமரத்துக்குப் போகும். வேலையிலிருந்து யோசித்தால் மனப்பாடம் தேவைப்படாது.

இன்று நிற்கும் கப்பலின் புகைப்படத்தை வைத்து ஐயம் தீர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போர்ட்ஸ்மத்தில் இருக்கும் விக்டரி 1765-இல் நீரில் இறங்கி, 1800 முதல் 1803 வரை பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டு, 1805-இல் டிரஃபால்கரில் போரிட்டது. 1920-களில் அதன் டிரஃபால்கர் தோற்றத்துக்கு மீட்டார்கள். அதன் கீழ்மரங்களோ ஷா என்ற பிற்காலப் போர்க்கப்பலிலிருந்து வந்த இரும்பு மரங்கள். கட்டி சார்க் என்ற கப்பலும் அப்படியே: 1869-இல் கம்பிக் கயிற்றோடு பிறந்து, 1880-இல் மரங்கள் குறைக்கப்பட்டு, 1895-இல் போர்ச்சுகீசியர் கைக்குப் போய், இடையில் பார்க்கன்டைனாகவும் மாறி, 1922-க்குப் பிறகு மீட்கப்பட்டது. புகைப்படம் எடுத்த நாளின் கப்பலைத்தான் புகைப்படம் காட்டும்.

கயிற்றின் பருமனில் நடக்கிற தவறு இன்னும் பரவலானது. அந்தக் காலத்து ஆங்கில அட்டவணைகளில் கயிற்றின் அளவு என்றால் சுற்றளவு, குறுக்களவு அன்று. 9 அங்குல ஷ்ரவுட் என்று இருந்தால் அதன் குறுக்களவு சுமார் 2.86 அங்குலம், அதாவது 73 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1:64 அளவில் அது 1.14 மில்லிமீட்டர் நூல். சுற்றளவைக் குறுக்களவாக எடுத்துக்கொண்டால் மூன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு தடித்த நூலை யாரும் கட்டமாட்டார்கள்; கண்ணே தடுத்துவிடும். மெல்லிய ஓடுகயிறுகளில்தான் தவறு தெரியாமல் தங்கிவிடுகிறது. பெட்டியோடு மூன்றே பருமனில் நூல் வருவதால் பிரேஸும் பருமலை உயர்த்தும் ஆஞ்சானும் ஒரே தடிமனில் முடிந்துவிடுகின்றன. மாதிரி ஏன் பொம்மைபோல் தெரிகிறது என்று பிறகு யோசித்துப் பயனில்லை. நூலைத் தனியாக வாங்குங்கள், அல்லது முறுக்கிக்கொள்ளுங்கள்.

பாய் இல்லாத மாதிரிகளில் ஒரு குழப்பம் எனக்குத் தீராத வருத்தம் தருகிறது. கீழ்ப்பாய்க்கு மேலுள்ள நடுப்பாயின் பருமல், மரத்தில் ஏறி இறங்கும் உறுப்பு. பாய் விரிக்கும்போது ஆஞ்சானை இழுத்து அதை உயர்த்துவார்கள். அப்போது பருமல் நுனிகளைத் தாங்கும் லிஃப்ட் கயிறுகள் தளர்ந்து தொங்கும். பாயைச் சுருட்டிவிட்டால் பருமல் கீழே இறங்கி, லிஃப்ட் விறைத்து அதைத் தாங்கும். பெட்டி வரைபடங்கள் பலவற்றில் பாய் இல்லை, பருமல் மட்டும் உச்சியில், லிஃப்டும் விறைப்பு. கடலில் அப்படி ஒரு நிலை இருக்க முடியாது. பாய் கட்டாத மாதிரி என்றால் பருமலை இறக்குங்கள். பாயின் கீழ்மூலையைத் தூக்கும் கயிற்றையும் அதே மூலையை இழுக்கும் தாமானையும் பருமல் நுனியருகே ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். பாயைக் கழற்றிவைத்த கப்பலில் மாலுமிகள் செய்தது அதுதான். வரைபடம் அவை இரண்டையும் அந்தரத்தில் விட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

பக்கத்தோற்றப் படம் ஒருபோதும் காட்டாத விஷயம், எது முதலில் எது பிறகு என்பது. மரத்தலையில் ஷ்ரவுட்கள் ஜோடி ஜோடியாக ஏறும். அணியத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கத்து முதல் ஜோடி, பிறகு இடப்பக்கத்து முதல் ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். ஒரு பக்கத்துக்கு ஏழு என்றால் மூன்று ஜோடியும் கடைசியில் ஒற்றையும். முன்னோக்கித் தாங்கும் ஸ்டே இவற்றுக்கு மேலே அமரும். இந்த வரிசையில் கட்டினால் மரத்தலையின் அடுக்கு தானாகச் சரியாக வரும்.

கட்டுமுளைகளுக்கு வருவோம். எண் 47 எங்கே போகும் என்ற கேள்விக்குத் தனியாக விடை தேடாதீர்கள். ஒரு பெரிய தாளில் கப்பலின் எல்லாக் கயிறுகளையும் எழுதுங்கள்: எங்கே தொடங்குகிறது, எந்தெந்தக் கப்பி வழியாகப் போகிறது, எங்கே கட்டப்படுகிறது. வலம், இடம் இரண்டையும் எழுதுங்கள். முடித்ததும் சில முளைகள் காலியாகவும் சில முளைகளில் இரண்டு கயிறுகளும் இருக்கும். விடை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகக் கப்பல்களில் பொதுவான ஒழுங்கு, மேலே போகப்போக அந்தப் பாயின் கயிறு பின்னால் உள்ள முளைக்கு வரும் என்பது. நள்ளிரவில், மழையில், விளக்கில்லாமல் மாலுமி கையைத் தடவியே சரியான கயிற்றைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. உங்கள் முடிவு அந்த மாலுமியைத் தடுமாற வைக்குமானால் அது தவறான முடிவு. இன்னொரு சோதனையும் உண்டு: கயிற்றை ஒட்டாமல் தற்காலிகமாகக் கட்டி, பருமலைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டேயில் உரசினாலோ ஷ்ரவுட்டில் சிக்கினாலோ வழியை மாற்றுங்கள். ஓடுகயிறுகளை எல்லாம் கட்டி முடிக்கும்வரை பசையைத் தொடாதீர்கள்.

வரைபடமே இல்லாத கப்பலுக்கும் இந்த முறை கைகொடுக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி, அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கிப் பெயர் மாற்றியபின், 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனது. அது பிரிகன்டைன், முன்மரத்தில் மட்டும் குறுக்குப் பருமல்கள். அப்படியானால் அவற்றின் பிரேஸ் பின்மரத்தை நோக்கிப் போகும். இந்த ஒன்றிலிருந்தே அந்தக் கப்பலின் கயிற்று அமைப்பைப் பாதி வரைந்துவிடலாம். மீதிக்குப் புகைப்படங்கள் உதவும். நம் வாசகர் யாராவது அதை முறையாகச் செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

எவ்வளவு யோசித்து எடுத்த முடிவானாலும் அது நம் ஊகம் என்பதை மறைக்கக் கூடாது. இருபது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் உங்கள் மாதிரியைப் பார்த்து, இதுதான் சான்று என்று எடுத்துக்கொள்வார். தவறுகள் இப்படித்தான் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போய்ச் சேருகின்றன. அடுத்த இதழிலிருந்து, மாதிரி பற்றிய கட்டுரை அனுப்புவோர் தங்கள் கயிற்று அட்டவணையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வரைபடத்தில் உள்ளபடி கட்டியது, பழைய நூலைப் பார்த்து மாற்றியது, சொந்தமாக ஊகித்தது என்று ஒவ்வொரு கயிற்றுக்கும் எதிரே குறித்திருங்கள். மூன்றாவது வகை அதிகமாக இருப்பதால் எந்தக் கட்டுரையும் திருப்பி அனுப்பப்படாது. அட்டவணை இல்லாத கட்டுரைகளை மட்டும் வெளியிட மாட்டோம்.