பால் காய்ச்சும் நாளும் குடியேறும் நாளும்

வீடு கட்டுவதும் திருமணம் முடிப்பதும் எத்துணைக் கடினம் என்பதற்கு நம்மிடையே பழமொழி உண்டு. நடை பழகும் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டு வேலை பார்ப்பதற்கோ முன்னோர் எதுவும் சொல்லிச் செல்லவில்லை. அவர்கள் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் பத்துக் கைகள் இருந்தன. இன்று பெரும்பாலும் ஒரு தாயின் இரு கைகளே இருக்கின்றன.

நம் மாவட்டத்தில் ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், மார்கழி கழிந்து தை பிறந்ததும் புதுமனைப் புகுவிழாக்கள் நிறைய நடக்கின்றன. குறித்த நாள் வரும்போது வீட்டு வேலை முழுதும் முடிந்திருப்பது அரிது. எனினும் பால் காய்ச்சிய கையோடு குடும்பம் குடியேறிவிடுகிறது. பட்டி பார்ப்பதும், வண்ணம் பூசுவதும், தரைக்கல் பதிப்பதும், மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பதும் அதன்பின் மாதக்கணக்கில் நீள்கின்றன. பழைய வீட்டை வாங்கிச் சீரமைப்போர் நிலையும் இதுவே. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள குடும்பங்கள் இவ்வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு குழந்தைநல மருத்துவனாக என் கருத்து. நல்ல நாளில் பால் காய்ச்சுங்கள்; வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். வேலை முடிந்தபின் குடியேறுங்கள். முகூர்த்தம் விழாவுக்கு உரியது. குடியிருப்பைக் கொத்தனாரின் கடைசி நாளே முடிவு செய்யட்டும்.

இதற்கான காரணங்களைக் கூறுகிறேன். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைத்தே அறிந்துகொள்கிறது. அதன் தலை, உடலோடு ஒப்பிடும்போது கனமானது. பத்து லிட்டர் வாளியின் அடியில் சில அங்குல நீர் இருந்தால் போதும். எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ இயலாது. கூச்சலும் கேட்காது. நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுள்ள குழந்தைகளிடையே மிகுதி என உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. வேலை நடக்கும் வீட்டிலோ கலவைக்கான பீப்பாய், தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய நீர், மூடியில்லாத தரைத்தொட்டி, பாதி தோண்டிய கழிவுநீர்த் தொட்டி எனத் திரும்பிய பக்கமெல்லாம் நீரும் குழியும் இருக்கின்றன. 2019 அக்டோபரில் அண்டை மாவட்டத்தின் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாடே நாட்கணக்கில் காத்திருந்தும் உயிருடன் மீட்க இயலவில்லை. மூடாத குழி எதுவும் சிறிய குழியன்று.

அடுத்தது டர்பன்டைனும் தின்னரும். வண்ணம் பூசுவோர் மீந்ததைத் தண்ணீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றிச் சுவரோரம் வைப்பது வழக்கம். குழந்தைக்கு அது தண்ணீரே. அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புநீரோ எண்ணெயோ புகட்டாதீர்கள். வாந்தி வரும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் புகுவதே பேராபத்து. குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மை உடையவை. ஈரக்கலவை தோலில் ஒட்டிக்கொண்டால் முதலில் வலி தெரியாது. புண் பிறகே வெளிப்படும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் வேறு எதையும் இடாமல், ஓடும் நல்ல தண்ணீரால் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். கழுவிய பிறகே பயணம். கண்ணைக் காப்பது அந்த இருபது நிமிடமே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்னும் மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், சிறப்பாகக் கதவு, சன்னல், இரும்புக் கம்பிகளில் பூசிய எனாமலில், ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அரிமளம், ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் பூச்சின்மேல் பூச்சாகப் பல தலைமுறை வண்ணங்கள் கதவுகளில் உறைந்திருக்கின்றன. அவற்றை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகிறது. உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. அது வளரும் மூளையைத் தாக்குகிறது. தீங்கற்ற அளவு என ஒன்று இதுவரை அறியப்படவில்லை. ஆகவே நீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அத்தனையும் முடியும் வரை குழந்தை அவ்வீட்டில் இருத்தலாகாது.

"அம்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்?" என்று விபத்துக்குப் பின் உறவினர் கேட்பதை மருத்துவமனைத் தாழ்வாரங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். இக்கேள்வி நியாயமற்றது. மேஸ்திரியிடம் கணக்குப் பார்ப்பது, சிமெண்ட் மூட்டைகளை எண்ணி இறக்குவது, ஆட்களுக்குத் தேநீர் வைப்பது, இவற்றோடு குழந்தையையும் ஒருத்தியிடமே ஒப்படைத்துவிட்டு, பின்னர் அவளைக் குறை கூறுவது அறமாகாது. குழந்தையைப் பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக்கூடாது. செங்கல்லுக்கும் மணலுக்கும் மதிப்பீடு போடும்போதே அந்த ஓர் ஆளுக்கும் கணக்கில் இடம் ஒதுக்குங்கள். அது தந்தையாகவும் இருக்கலாம்.

"இரண்டு வாடகை கொடுக்க எங்களால் இயலுமா?" என நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்த கூரையின் கீழிருந்தே வீட்டைச் சீர்செய்தன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் உதவியோடு 360 சதுர அடியில் வீடு எழுப்பும் குடும்பம், பக்கத்துக் குடிசையில் தங்கித்தான் வேலையைப் பார்க்கிறது. அவர்களிடம் வேறு வீட்டுக்குப் போங்கள் என்று கூற எனக்கு உரிமையில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் அறையை முதலில் முழுமையாக முடித்துத் தாழ்ப்பாள் வையுங்கள். அது குழந்தையின் அறை. மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கடைசியில் அல்ல, முதலிலேயே பொருத்துங்கள். மாலையில் ஆட்கள் கிளம்புமுன் வாளிகள் கவிழ்ந்துள்ளனவா, தொட்டிகள் மூடியுள்ளனவா, பாட்டில்கள் அகற்றப்பட்டனவா எனப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள். இரண்டு வயது நிரம்பிய குழந்தையை வேலை நேரத்தில் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே உணவும் உண்டு, தோழமையும் உண்டு.

இன்னொரு குழந்தையும் அந்த வீட்டில் இருக்கிறது. சித்தாளாக வரும் பெண் தூக்கி வந்து மணற்குவியலருகே உட்கார வைக்கும் குழந்தை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் கூறியது. நாம் கட்டும் வீட்டில் ஐந்து பெண்கள் வேலை செய்தாலே அதிகம். ஆகவே சட்டம் அக்குழந்தையை எட்டுவதில்லை. வீட்டுக்காரர் எட்டலாம். நம் குழந்தைக்கென ஒதுக்கிய அறையில் அக்குழந்தைக்கும் ஒரு பாய் விரித்துக் கொடுப்பதில் செலவொன்றும் இல்லை.

அடுத்த முறை தடுப்பூசிக்கோ காய்ச்சலுக்கோ குழந்தையை அழைத்து வரும்போது, வீட்டில் வேலை நடக்கிறதென்றால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டும் வீடாயின் ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.