ஆலிவ் செடிக்கு வரவேற்பறை வேண்டாம்

பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல மனைகளாகிவிட்டன. மிச்சமிருக்கிற இடத்தில் நர்சரி போட்டுப் பிழைப்பவர்கள் உண்டு. அந்த மனைகளில் எழும்பிய அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். முன்பு ரோஜாவும் செம்பருத்தியும் கேட்டவர்கள், இப்போது செல்போனில் படத்தைக் காட்டி ஆலிவ் செடி கேட்கிறார்கள். வெள்ளைச் சுவர், சோபா, ஓரத்தில் சாம்பல் பச்சை இலையோடு ஒரு சிறு மரம். படம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் செடியை ‘இண்டோர் பிளான்ட்’ என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

ஆலிவ் பெயரளவில் நமக்குப் புதிதல்ல. தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அது ஒலிவ மரம். இஸ்லாமியர் வீடுகளில் அதன் எண்ணெய்க்கு ஜைத்தூன் எண்ணெய் என்று பெயர். ஆனால் மரம் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரியது. அளவான மழை, மேகமில்லாத கோடை வெயில், தண்ணீர் தேங்காத சுண்ணாம்புச் சரிவு, பனிக்காலத்தில் நல்ல குளிர் என்று பழகியது.

முக்கியமானது வெளிச்சம். நடுப்பகலில் மொட்டை மாடியில் விழுவது சுமார் 1 லட்சம் லக்ஸ். வரவேற்பறையில் ஜன்னலை விட்டு ஏழெட்டு அடி தள்ளினால் அது சில நூறாகிவிடும். நம் கண் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. இலைக்கு அது இருட்டு. ஆலிவுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

வாங்கியவருக்கு இது உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். ஆலிவ் இலை தடித்தது. ஒவ்வொரு இலையும் இரண்டு மூன்று வருடம்கூட மரத்தில் இருக்கும். அதனால் சில மாதம் செடி நன்றாக இருப்பதுபோலவே நிற்கும். பிறகு இலை உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். வெயில் இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. தொட்டி ஈரமாகவே கிடந்து வேர் அழுகிவிடும். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று அதோடு செடி வளர்ப்பதையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு செடி விற்ற லாபத்துக்காக ஒரு வாடிக்கையாளரையே இழப்பது என்ன வியாபாரம்?

‘காய்க்குமா?’ என்பது அடுத்த கேள்வி. சென்னைச் சுற்றுவட்டாரத்தில் காயை எதிர்பார்க்கக் கூடாது. பூ மொட்டு பிடிக்க, சில வாரங்களுக்காவது இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். நமக்கு ஜனவரியிலேயே இரவில் 20 டிகிரிதான். ஏசி அறையில் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். 24 டிகிரி மனிதனுக்குத்தான் குளிர்.

ராஜஸ்தான் கதையைப் பாருங்கள். அங்கே 2007-ல் இஸ்ரேல் நிபுணர்களின் உதவியோடு அரசே இதில் இறங்கியது. கன்றுகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி, அர்பெக்கினா, பார்னியா, கொரோனெய்கி என்று பல ரகங்களை அரசுப் பண்ணைகளில் சொட்டுநீர் போட்டு நட்டார்கள். 2014-ல் பிகானேர் மாவட்டம் லுங்கரன்சரில் எண்ணெய் ஆலையும் திறந்தார்கள். பாலைவனம்தானே என்று நினைக்க வேண்டாம். பிகானேரில் ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிரும் அரசுப் பணமும் இருந்தும், ஆலிவ் அங்கே கடுகுக்குப் போட்டியாக வந்துவிடவில்லை. அப்படியிருக்க, நம் சமவெளி விவசாயியிடம் யாராவது ‘ஏக்கருக்கு இத்தனை கன்று, இத்தனை லட்சம்’ என்று வந்தால் என்ன பதில் சொல்வது? காட்டாமணக்கையும் ஈமு கோழியையும் நாம் பார்த்தவர்கள்தானே.

சரி, வாங்கியாயிற்று என்றால் தூக்கி எறிய வேண்டாம். மொட்டை மாடியிலோ, வெயில் விழும் பால்கனியிலோ அழகு மரமாக நன்றாகவே நிற்கும். வீட்டுக்குள் இருந்ததை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை கருகும். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள். அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி நல்லது. நர்சரிப் பையில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவுதான் இருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் இரண்டு பங்கு, பருமணலோ உடைத்த செங்கல்லோ ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து மாற்றி நடுங்கள். ஏரி வண்டல் வேண்டாம், இறுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். நம் போர் தண்ணீரின் உப்பை மற்ற பழமரங்களைவிட இது தாங்கும். மாதம் ஒருமுறை அடியில் வழிந்தோடும்படி ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான கண்டம். தட்டை எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, மழை படாத, வெளிச்சமுள்ள ஓரத்துக்கு நகர்த்துங்கள். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘சிலோன் ஆலிவ்’ என்று விற்கப்படுவது வெரளிக்காய் மரம். இலங்கையில் ஊறுகாய் போடுவார்களே, அதுதான். அது வேறு குடும்பம். நிஜ ஆலிவில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். குறுகலாக, அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல இருக்கும். வெரளியின் இலை அகலம், ஓரம் பல் பல்லாக இருக்கும், உதிரும் முன் சிவக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டோம்.

மாடித்தோட்டப் பயிற்சி நடத்தும் தோட்டக்கலை அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். தக்காளி, கத்திரியோடு நிறுத்தாமல், அழகுச் செடி வாங்குவது பற்றியும் கால் மணி நேரம் பேசுங்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகம் பணம் விடுவது அதில்தான்.

நர்சரிக்காரர்களும் விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: ‘வெயில் செடி. இங்கே காய்க்காது.’ இதை ஒரு நர்சரிக்காரரிடம் சொன்னபோது, “அப்படி எழுதினா யார் சார் வாங்குவாங்க?” என்று சிரித்தார். வீட்டுக்குள் வைக்கத்தான் வேண்டும் என்பவருக்குப் பாம்புக் கற்றாழை கொடுங்கள் என்றேன். மாடி இருக்கிறது, காயும் வேண்டும் என்பவருக்கு மாதுளைப் பதியன் இருக்கிறது. வெயிலில் நிற்கும், தொட்டியிலேயே பூக்கும், விலையும் ஆலிவைவிடக் குறைவு. அவர் கடையிலேயே இரண்டும் வரிசையாக நின்றன.